பழைய 12 போர் துவக்குக்கு எந்தத் தோட்டா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

போன மாரியில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் துவக்கோடு வந்தான். "அண்ணை, துவக்கு பழுதாப் போச்சு. வெடிச்சால் தோள் கழண்டு போற மாதிரி அடிக்குது. வெடிச்ச தோட்டாக் கோதும் உள்ளுக்க இறுகிப் போய் நிக்குது. கம்பியால குத்தித்தான் எடுக்கிறன்" என்றான். அவனுடைய அப்பு வைத்திருந்த இங்கிலாந்து 12 போர் துவக்கு அது; போர் என்பது குழல் விட்டத்தின் அளவு. கழற்றிப் பார்த்தேன். குழல் கண்ணாடி போல இருந்தது, பூட்டிலும் ஆட்டமில்லை. குழலின் அடியில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. என்று பொறித்திருந்தது. அவன் கொண்டுவந்த பெட்டியில் 70 மி.மீ. என்று அச்சடித்திருந்தது. பழுது துவக்கில் இல்லை, பெட்டியில்தான்.

இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் என்று காட்டோரம் கச்சானும் சோளமும் போடுகிறவர்களுக்குள் பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துத் துவக்கு வைத்திருக்கிறவர்கள் கொஞ்சப்பேர் இருக்கிறோம். எங்களிடம் இருக்கிற துவக்குகளில் பல எங்களை விட வயதானவை. தோட்டா எண்ணித்தான் கிடைக்கும். அதனால் "உள்ளே போனால் சரி" என்ற எண்ணம் எல்லாரிடமும் வந்துவிட்டது. உள்ளே போகிற தோட்டா எல்லாம் அந்தத் துவக்குக்கு உரியதல்ல. இதை ஒரு ஆளாவது கைவிரல் போகாமல் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையில் வந்த தோட்டாவைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறேன். வெற்றுக் கோதில் வெடிமருந்து நிரப்புவது பற்றிக் கேட்டு வரவேண்டாம். கறுப்பு மருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கு எடுக்கிற அளவை மற்றதில் எடுத்தால் குழல் பிளக்கும். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. அனுமதியில்லாமல் தோட்டா செய்தால் துவக்கும் போகும், ஆளும் போவான்.

எதைப் பார்க்க முன்னரும்

துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்து, ஐந்தடி தள்ளி வையுங்கள். பிறகு தோட்டா போடுகிற அறைப்பக்கத்தால் குழலுக்குள் வானத்தைப் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் மண்குளவி துவக்கின் வாயைக் கண்டால் விடாது. ஒரு கிழமை சுவரில் மாட்டிய துவக்குக்குள் மண்கூடு கட்டி வைத்திருந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

அடுத்து, முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, அடியிலுள்ள தட்டையான இடத்தைப் பாருங்கள். தூசியும் எண்ணெயும் படிந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். லண்டனிலோ பேர்மிங்ஹாமிலோ அழுத்தச் சோதனை செய்த முத்திரைகள் அங்கேதான் இருக்கும். 1954 இற்குப் பிறகு சோதித்தவற்றில் குழலின் உள்விட்டம் .729 என்பது போல அங்குலத்திலும், அறை நீளம் 2½ அல்லது 2¾ அங்குலம் என்றும், தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 தொன், 3¼ தொன் என்றும் இருக்கும். அதற்கு முந்தியவற்றில் 1⅛ அவுன்ஸ் என்று சன்னத்தின், அதாவது தோட்டாவிலுள்ள ஈயக் குண்டுகளின், எடையைக் காணலாம். அந்த எடைக்கு மேல் போகவே கூடாது. 1⅛ அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 32 கிராம், 1 1/16 அவுன்ஸ் என்றால் 30 கிராம். இன்றைய பெட்டிகளில் கிராமில்தான் போடுகிறார்கள்.

புகையில்லா மருந்தைக் குறிக்கிற நைட்ரோ என்ற சொல் எங்குமே இல்லையென்றால் அது கறுப்பு மருந்துக்காக மட்டும் சோதித்த துவக்காக இருக்கலாம். குழலில் பாம்புச் சட்டை போல வரிவரியாகக் கோலம் தெரிந்தால், இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த டமஸ்கஸ் குழல் அது. அப்படியானதை ஆயுதத் தொழில் தெரிந்தவரிடம் காட்டாமல் இன்றைய தோட்டா எதையும் போடாதீர்கள். அழகான துவக்குத்தான், ஆனால் அழகு அழுத்தத்தைத் தாங்காது.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் அறை நீளத்தை ஓரளவு அளக்கலாம். தடித்த மட்டையில் சரியாக 20 மி.மீ. அகலத்தில் நீளத்துண்டு ஒன்று வெட்டுங்கள். அதை அறைக்குள் நேராக விடுங்கள். அறை முடிந்து குழல் ஒடுங்குகிற இடத்தில் அது நிற்கும். பின்விளிம்போடு ஒட்டி அடையாளம் போட்டு அளந்து பாருங்கள். 65க்குக் கிட்ட நின்றால் 2½ அங்குல அறை, 70க்குக் கிட்ட என்றால் 2¾. இரண்டுக்கும் நடுவில் நின்றால் சிறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அடி பலமாயிருக்கு, கோது இறுகுது"

தம்பியின் கோளாறு இதுதான். எனக்குத் தெரிந்து வன்னியில் அதிகம் நடப்பதும் இதுதான், ஆகவே விரித்தே சொல்கிறேன்.

பெட்டியில் 70 மி.மீ. என்று இருப்பது வெடித்த பிறகு கோது விரிந்து நிற்கும் நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் அது 60 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதனால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சிரமமில்லாமல் போகும், துவக்கும் வழக்கம் போலப் பூட்டும். ஏமாறுகிற இடம் இதுதான். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் வேண்டும். அறை அதற்கு முன்னரே முடிந்துவிடும். விரிகிற வாய் குழல் ஒடுங்குகிற கழுத்துக்குள் போய் நெரிந்து, சன்னமும், அதற்கும் மருந்துக்கும் நடுவிலுள்ள தக்கையும் போகிற வழியை இறுக்கும். அழுத்தம் ஏறும். அந்த ஏற்றம்தான் தோளில் அடியாக வருகிறது.

வெடித்த கோதை எடுத்து வாயைப் பாருங்கள். விளிம்பு பிய்ந்து, நூல்நூலாக இழுபட்டிருந்தால் அது கழுத்துக்குள் போயிருக்கிறது. அடியில் ஊசி அடிக்கிற சின்னக் கேப் இருக்கும், அதையும் பாருங்கள். ஓரம் உருண்டையாக இல்லாமல் தட்டையாகப் பரந்து பித்தளையோடு சமமாகியிருந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். "இருக்கிற பத்தையும் முடிச்சிட்டு மாத்துவம்" என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டின் கொளுவி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அது ஒரு நாளில் தெரியாது.

நீளம் சரியாக இருந்தும் அடி பலமாக இருந்தால் எடையைப் பாருங்கள். 36 கிராம், அதற்கு மேல், மக்னம் என்று எழுதிய தோட்டாக்கள் இன்றைய கனமான துவக்குகளுக்குச் செய்தவை. மூன்று கிலோவுக்குக் குறைந்த பழைய இரட்டைக்குழலுக்கு 65 மி.மீ. நீளத்தில் 28 அல்லது 30 கிராம் போதும். பன்றிக்கும் போதும்.

அழுத்தம் சரி, அடியும் வழக்கம் போல, ஆனாலும் கோது வரவில்லை என்றால் அறையின் சுவரைப் பாருங்கள். துரு அரித்துப் புள்ளிபுள்ளியாகக் குழி விழுந்திருந்தால் கோது விரிந்து அந்தக் குழிகளில் பிடித்துக்கொள்ளும். மாரியில் காவல்கொட்டிலுக்குள் துவக்கை வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது வராமல் போகாது.

"தோட்டா உள்ளுக்கு விழுந்திட்டுது"

நில்லுங்கள். வேறு தோட்டா போடாதீர்கள்.

12 போர் என்றால் குழல் விட்டம் 18.5 மி.மீ., 20 போருக்கு 15.6 மி.மீ. 20 போர் தோட்டாவை 12 போர் அறைக்குள் விட்டால் விளிம்பு தங்காமல் உள்ளே வழுக்கிப் போய், குழலின் கழுத்தில் நிற்கும். பின்பக்கத்தால் பார்க்கிறவனுக்கு அறை வெறுமையாகத் தெரியும். இருட்டில், பன்றி உறுமுகிற நேரத்தில், போட மறந்துவிட்டேன் என்று நினைத்து 12 போர் தோட்டாவை அதன் பின்னால் போட்டால் இரண்டும் சேர்ந்து வெடித்து, இடது கை பிடித்திருக்கிற இடத்திலேயே குழல் பிளக்கும். இதற்காகத்தான் 20 போர் கோதை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரவில் மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதான். இரண்டு போர் தோட்டாக்களையும் ஒரே பையில், ஒரே வீட்டில்கூட வைக்காதீர்கள்.

உள்ளே போனதை எடுக்க, துவக்கைத் திறந்து, வாய்ப்பக்கத்தால் மெல்லிய மரக்கம்பை விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். தள்ளும்போது குழலின் இரு முனைக்கும் நேராக ஆள் நிற்கக் கூடாது.

"பூட்டுதில்லை"

பலத்தால் அடித்துப் பூட்டாதீர்கள். குழலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு தோட்டாவை விட்டுப் பாருங்கள். தன் பாரத்தில் விழுந்து, சாய்த்தால் தன் பாரத்தில் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் தோட்டா ஊதியிருக்கிறது. பழைய கடதாசிக் கோதுகள் ஐப்பசி கார்த்திகை ஈரத்தைக் குடித்து ஊதும். பிளாஸ்டிக் ஊதாது, ஆனால் அதன் பித்தளை பச்சை பூத்துத் தடிக்கும். பல தோட்டாக்களும் இப்படியே நின்றால் கோதை இழுக்கிற நகத்தின் கீழ் மண்ணோ பழைய கிறீசோ இருக்கும். ஒரு தும்புத் துண்டும் பொறுமையும் போதும்.

"டிக் எண்டு சத்தம், வெடி இல்லை"

துவக்கை இறக்காதீர்கள், திறக்காதீர்கள். வாய் பாதுகாப்பான பக்கம் பார்த்தபடி முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். நனைந்த தோட்டா சில வேளை பிந்தி வெடிக்கும். பிறகு திறந்து, கேப்பில் விழுந்த குழியைப் பாருங்கள்.

குழி ஆழமாக, நடுவில் இருந்தால் ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டா செத்துவிட்டது. குழி கீறல் போல இருந்தால் துவக்கில்தான் குறை: குதிரையின் வில்லுத் தளர்ந்திருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம். அல்லது, நான் அதிகம் கண்டது இதுதான், தேங்காய் எண்ணெயைப் பூசி அது உள்ளே பிசினாகிக் கிடக்கலாம். துவக்குக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் துடைத்துவிட்டு.

என் மாமா ஒருவர் தோட்டாவை அடுப்படிப் பரணில் புளிச் சட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். ஈரம் ஏறாது என்பது அவர் கணக்கு. ஈரம் ஏறவில்லை, ஆனால் சூடு ஏறியது. புகையில்லா மருந்து சூட்டில் கெட்டுப்போகும். சூடேறிய தோட்டா அழுத்தத்தையும் கூட்டும். அவருடைய தோட்டாக்களில் சில வெடிக்கவில்லை, சில அளவுக்கு மீறி வெடித்தன. நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைப்பதும் அப்படித்தான். மூடி இறுகிய பிளாஸ்டிக் போத்தல், வீட்டின் குளிர்ந்த மூலை, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டு. இவ்வளவுதான் வேண்டும்.

"புஸ் எண்டு போச்சு"

சத்தம் வழக்கத்தை விடக் குறைவு, தோளில் அடியே இல்லை, வாயால் மருந்து மணிகள் எரியாமல் கொட்டுகின்றன. மற்ற எல்லாக் கோளாறிலும் யோசிக்க நேரம் இருக்கிறது. இதில் இரண்டாவது விசையை இழுத்தால் நேரம் முடிந்தது. தக்கையோ சன்னமோ குழலின் நடுவில் நிற்கிறது. அதன் மேல் அடுத்த வெடி போனால் அந்த இடத்தில் குழல் மோதிரம் போட்டது போல வீங்கும், அல்லது வெடிக்கும்.

மாமாவின் ஒற்றைக்குழலில் வாயிலிருந்து நாலு விரல் கீழே அப்படி ஒரு மோதிரம் இருந்தது. தோட்டா செய்த வேலையல்ல அது. வரம்பில் வழுக்கி விழுந்தபோது வாயில் சேறு அடைத்தது. துடைத்தேன் என்றார், வெளியே மட்டும் துடைத்திருக்கிறார். அன்றைக்குக் குழல் பிளக்காமல் வீங்கியதோடு போனது. அவர் கை போகவில்லை, ஆனால் அந்தத் துவக்கை அதற்குப் பிறகு யாரும் வெடிக்க விடவில்லை. ஒவ்வொரு சந்தேகமான வெடிக்கும், ஒவ்வொரு விழுகைக்கும், திறந்து வானத்தைப் பாருங்கள்.

"பன்றி பட்டுப் போகுது, விழுதில்லை"

இது தோட்டாவைத் தெரிவு செய்கிற கேள்வி. இதில் உயிர்க் கணக்கும் இருக்கிறது. காயப்பட்ட பன்றி நாள் கணக்கில் வேதனைப்படும், வழியில் வருகிறவரையும் குத்தும்.

முதலில் இலக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துக் கணக்கில் 4 ஆம் இலக்கச் சன்னம் ஏறக்குறைய 3 மி.மீ., ஒரு அவுன்சுக்கு 170 வரும். அது பறவைக்கு. பன்றியின் தோலையும் சேற்றையும் கடந்து உள்ளே போகாது, புண்ணை மட்டும் ஆக்கும். எஸ்.ஜி. என்றால் 8.4 மி.மீ., அவுன்சுக்கு 8. எல்.ஜி. என்றால் 9.1 மி.மீ., அவுன்சுக்கு 6. அமெரிக்கப் பெட்டியில் இரண்டு சைபர் போட்டிருப்பது எஸ்.ஜி.க்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அமெரிக்கர் 4 என்ற இலக்கத்தையே பெரிய சன்னத்துக்கும் சின்னச் சன்னத்துக்கும் இரு வகையாகப் பாவிக்கிறார்கள். ஆகவே பெட்டியில் மி.மீ. எவ்வளவு என்று பாருங்கள், இலக்கத்தை நம்பாதீர்கள்.

பன்றிக்கு எஸ்.ஜி. என்பதே என் முடிவு. எல்.ஜி. பெரிதுதான், ஆனால் ஆறு சன்னத்தில் இரண்டு பட்டால் அதிர்ஷ்டம். 30 கிராமில் எட்டு ஒன்பது எஸ்.ஜி. போகும், அவை ஒன்றாகப் போகிற தூரம்தான் உங்கள் தூரம். அந்தத் தூரம் துவக்குக்குத் துவக்கு மாறும்.

ஆகவே காகிதத்தைக் கேளுங்கள். அனுமதியுள்ள உங்கள் காணிக்குள், பின்னால் ஆள்நடமாட்டம் இல்லாத உயர்ந்த மண்மேட்டின் முன், விரித்த உரப்பையில் பழைய பேப்பர் ஒட்டித் தொங்கவிட்டு, 20 மீற்றரில் ஒரு தோட்டா வெடியுங்கள். பாறை, பாலைமரம் போன்ற வைரமான பொருளுக்கு நேரே வேண்டாம், சன்னம் தெறித்துத் திரும்பும். ஒரு பன்றியின் முன்பாதி அளவு, அதாவது ஒரு சுளகு அளவுக்குள் ஐந்து சன்னமாவது விழுந்தால் 20 மீற்றர் உங்கள் எல்லை. விழாவிட்டால் 15க்கு வாருங்கள். ஒரு தோட்டா வீணாகிறதே என்று தயங்காதீர்கள். பட்டும் விழாமல் போகிற பன்றிக்கு நாலு தோட்டா போகிறது.

முன்பு நெருக்கமாகப் போன துவக்கு இப்போது சிதறுகிறதென்றால், தோட்டாவை மாற்றுவதற்கு முன் குழலைத் தேயுங்கள். வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் நீளக்கோடு தெரிந்தால் ஈயம் ஒட்டியிருக்கிறது. பித்தளைத் தூரிகையால் போகும்.

இன்னொன்று. பட்ட பன்றியைத் தேடிப் போகும்போது இரத்தத்தை மட்டும் பார்க்காமல் மரத்தையும் பாருங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் பன்றி போனால் அது போகட்டும்.

"ஒற்றைக் குண்டு போடலாமோ?"

குழலின் வாய் ஒடுங்கியிருந்தால், அதாவது சோக் இருந்தால், உருண்டைக் குண்டு போடக்கூடாது. 1875 முதல் 1887 வரை இங்கிலாந்தில் சோதித்த ஒடுங்கிய குழல்களில் குண்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருக்கும். பொறித்திராத துவக்கிலும் விதி அதுதான். குழலின் வாய்க்குள் ஒரு நாணயத்தை விட்டுப் பார்த்துச் சோக்கை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒன்றும் சொல்லாது, தெரிந்தவரிடம் துவக்கைக் கொடுத்து அளவியால் அளப்பியுங்கள்.

உருக்குச் சன்னம் என்று பெட்டியில் இருந்தால் பழைய துவக்குக்கு வேண்டவே வேண்டாம். ஈயம் நசுங்கும், உருக்கு நசுங்காது. ஒடுக்கத்தில் குழலையே கீறி விரிக்கும்.

"பூட்டினாலும் ஆடுது"

முன்கட்டையைக் கழற்றி, வெற்றுத் துவக்கின் பிடியைப் பிடித்து, குழலைப் பக்கவாட்டில் அசையுங்கள். கிடுகிடுவென்றால் எந்தத் தோட்டாவும் அதற்குச் சரியில்லை. இலேசான தோட்டா போட்டால் சமாளிக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூட்டு இறுக்கித் தருகிற ஆள் கிடைக்கும்வரை யானைவெடியும் தகரமும் காவலிருக்கட்டும்.

வீட்டில் எங்காவது அப்பு காலத்துக் கடதாசித் தோட்டாக்கள் ஊதி, பச்சை பூத்து, எழுத்து அழிந்து கிடந்தால் அவற்றை வெடித்துப் பார்க்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். கிராம சேவகருக்குச் சொல்லி, அனுமதிப்பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். எத்தனை தோட்டா, என்ன திகதி என்று எழுதி வாங்கி, அந்தத் துண்டை அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போகும்போது கணக்குக் கேட்பார்கள்.